பலாலி விமானமும் பணிப்பாளர் நாற்காலியும்

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் ஒரு விமானக் கம்பனியில் கணக்காளனாக வேலை செய்கிறான். சென்ற முறை நான் அங்கே போயிருந்தபோது, இரவுச் சாப்பாட்டு மேசையில் தன் கம்பனியின் கதையொன்றைச் சொன்னான். புதிய தலைவர் பதவியேற்ற சில மாதங்களில் இருக்கைகளுக்கு இடையிலான தூரம் குறைந்துவிட்டதாம். "மாமா, பயணிக்கு அந்த மனுசன்ரை பேர்கூடத் தெரியாது. ஆனால் ஏழு மணித்தியாலம் அவன்ரை முழங்கால் அந்த மனுசன்ரை முடிவுக்குள்ளைதான் கிடக்குது" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. விமானக் கம்பனியொன்றின் உயர்நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது பயணியை எப்படித் தொடுகிறது என்ற கேள்வியை என் மருமகன் அங்குலக் கணக்கில் வைத்திருந்தான். யாழ்ப்பாணத்தவனாகிய எனக்கு அது வேறொரு கணக்காகவே தெரிந்தது. பலாலியிலிருந்து பறந்த விமானங்களின் கதையை நினைத்துப் பார்த்தேன். அந்த நாற்காலியில் இருந்தவர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். எங்கள் பயணத்தைத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் அல்லர். அந்தக் கதையைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இடையில் என் சொந்தக் கடன் ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பலாலி ஓடுபாதை யாழ்ப்பாணத்து மக்களுக்காகப் போடப்பட்டதன்று. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படை தன் தேவைக்காக வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் அதை அமைத்தது. புகையிலையும் வெங்காயமும் விளைந்த மண் அது. போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் போய்விட்டான், ஓடுபாதை மிஞ்சியது. சுதந்திரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருக்கையில், 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயர் சிலோன் தன் முதலாவது சேவையைத் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில், இறங்கிப் பின் சென்னைக்குப் போனது. இலங்கையின் தேசிய விமான சேவை பறந்த முதல் பாதையிலேயே யாழ்ப்பாணம் இருந்தது என்பதை இன்றைய இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள்.

கம்பனியிடம் அப்போது மூன்று டக்கோட்டாக்கள் இருந்தன. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர். அவற்றுக்குப் பின்னால் நின்ற மனிதர் போக்குவரத்து, பொது வேலைகள் அமைச்சராயிருந்த சேர் ஜோன் கொத்தலாவல. பின்னாளில் அவர் பிரதமரானார். அவருடைய அரசியலைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல வார்த்தைகள் அதிகம் இல்லை. ஆனாலும் விமானத்தில் அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. நாட்டுக்கொரு விமான சேவை வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திராவிட்டால் அது இன்னும் சில ஆண்டுகள் பிந்தியிருக்கும். அதே வேளை, அவர் தொடக்கிவைத்த வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விமான சேவையின் உண்மையான எசமான் அமைச்சர். கம்பனியை நடத்துபவர் அவருக்கு அடுத்த படியில் நிற்பவர். எழுபத்தெட்டு ஆண்டுகள் சென்றும் இலங்கையில் அந்த வழக்கம் முற்றாக மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் முதன்முதலில் விமானம் ஏறியது 1966இல். வயது பதினான்கு. அதற்கிடையில் டக்கோட்டாக்களின் இடத்துக்கு அவ்ரோ 748 வந்துவிட்டது. இரண்டு இயந்திரம், இரண்டு சுழலி, ஏறியதும் பெருமூச்சு விடுவதுபோல ஒரு இரைச்சல். கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்த பெரியப்பாவுக்குச் சுகமில்லை என்று தந்தி வந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பலாலிக்குப் போனார். 1956 முதல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் போனால் பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் ஒரு மணித்தியாலம்.

பலாலியில் அன்று எங்களை எவரும் சோதிக்கவில்லை. முட்கம்பிக்கு அப்பால் ஆட்டுக்குட்டிகள் மேய்ந்தன. நிலையத்துப் பொறுப்பாளர் அப்பாவின் பழைய மாணவர். "சேர், முன்னுக்கு இருந்தால் சத்தம் கூட, பின்னுக்கு இருங்கோ" என்று சொல்லி அனுப்பினார். பணிப்பெண் ஒரு தட்டத்தில் இனிப்பும் காதுக்குப் பஞ்சும் கொண்டுவந்தார். நான் பஞ்சைக் காதில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும் வகுப்பில் காட்டவேண்டுமல்லவா. யன்னலுக்குக் கீழே ஆனையிறவு உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதன் பின் காடு, குளம், காடு, குளம். நல்ல பயணி அனுபவம் எது என்று என்னை எவரேனும் கேட்டால் நான் இன்றும் அந்த ஒரு மணித்தியாலத்தையே சொல்வேன். எந்த நிறைவேற்று அதிகாரியும் அதைத் திட்டமிடவில்லை. அப்பாவின் மாணவர் ஒருவர் அங்கே பொறுப்பிலிருந்தார். அவருக்கு எங்களைத் தெரியும். தனக்குச் சரியென்று பட்டதைச் செய்யும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. அவ்வளவுதான்.

அந்த நாட்களில் தமிழகத்துக்குப் போகும் விமானங்களும் பலாலியில் தரித்துச் சென்றன. கோயிலுக்கும் கலியாணப் புடவை எடுக்கவும் திருச்சிக்குப் போய்வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் பிட்டுச் சாப்பிட்டுப் புறப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கரையில் இருந்ததாக எங்கள் ஒழுங்கையில் ஒரு முதலாளி கடைசிவரை பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எயர் சிலோனின் மேல்மாடியில் இருந்தவர்களின் கண் பலாலியில் இல்லை. 1949இல் அவுஸ்திரேலியக் கம்பனியொன்று பங்காளியாக வந்தது. 1956இல் ஒல்லாந்தரின் கே.எல்.எம்., 1962இல் பிரித்தானியரின் பி.ஓ.ஏ.சி., 1970களில் பிரான்சின் யூ.டி.ஏ. என்று பங்காளிகள் மாறி மாறி வந்தனர். வந்த ஒவ்வொருவரும் இலண்டன் பாதையையே கவனித்தனர். அது இயல்பு, பணமும் பெயரும் அங்கேதான் கிடைத்தன. உள்ளூர்ச் சேவை மாற்றாந்தாய்ப் பிள்ளை. அவ்ரோ பழுதாகி நின்றால் பலாலிப் பயணிகள் காத்திருப்பார்கள். இலண்டன் பயணிகளுக்கு மாற்று ஒழுங்கு நடக்கும். இது என் கணிப்பே. ஆயினும் அக்காலத்தில் பறந்த எந்த யாழ்ப்பாணத்தவரைக் கேட்டாலும் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் வாசகரைச் சற்று வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். மேலிடத்தில் இருக்கும் ஒரு மனிதர் பயணியின் அனுபவத்தை எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்பதற்கு எங்கள் அயலிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

ஒருவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே விமானமோட்டித் தபால் கொண்டுவந்தவர். எயர் இந்தியாவை அரசு எடுத்துக்கொண்ட பின்னும் தலைவராக நீடித்தார். ஒவ்வொரு பயணத்திலும் கையில் குறிப்புத்தாள் வைத்திருப்பாராம். தேநீருக்கும் கோப்பிக்கும் நிற வித்தியாசம் தெரியவில்லை, திரைச்சீலை சரியாகத் தொங்கவில்லை, இருக்கை இவ்வளவுதான் சாய்கிறது என்று எழுதி உரியவர்களுக்கு அனுப்புவார். அழுக்காயிருந்த மேசையைத் தானே துடைத்ததாகவும் சொல்வார்கள். 1978 பெப்ரவரியில் மொரார்ஜி தேசாயின் அரசு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. எயர் இந்தியாவின் சரிவு அன்றே தொடங்கிற்று என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு மனிதரில் அவ்வளவு பாரத்தை ஏற்றுவது சரியா என்பதில் எனக்கு ஐயம். ஆனால் தலைவரே தேநீரின் நிறத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்த இடத்தில் பணியாள் தேநீரை எப்படி ஊற்றுவான் என்பதில் ஐயமில்லை.

மற்றவர் ஜே.வை. பிள்ளை. மலாயாவின் கிள்ளானில் 1934இல் பிறந்தவர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் படித்த பொறியியலாளர், சிங்கப்பூர் அரசின் மூத்த அதிகாரி. 1972இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் கூட்டு விமான சேவையைப் பிரித்துக்கொண்டபோது சிங்கப்பூர் எயர்லைன்ஸின் தலைவரானார். 1996 வரை இருந்தார். இலாபம் ஈட்டாவிட்டால் கம்பனியை மூடிவிடத் தயங்கமாட்டோம் என்பதை லீ குவான் யூவின் அரசு தொடக்கத்திலேயே தெளிவாக்கியிருந்தது. உள்நாட்டுப் பாதை ஒன்றுகூட இல்லாத நாடு. பயணிக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று அக்காலத்தில் சர்வதேச விமானக் கம்பனிகளின் சங்கம் விதி வைத்திருந்தது. சிங்கப்பூர் அதில் சேரவில்லை. சாதாரண வகுப்புப் பயணிக்கும் பானம் இலவசம், காதொலிக் கருவி இலவசம், உணவில் தெரிவு உண்டு என்றது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிள்ளையின் பெயர் அக்காலத்துச் செய்தித்தாள்களில் அதிகம் அடிபட்டதில்லை. அவருக்கு அதில் விருப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. அமெரிக்கன் எயர்லைன்ஸின் தலைவராயிருந்த றொபேட் கிறான்டல் 1980களில் பயணிகளின் சலாட் தட்டிலிருந்து ஒரு ஒலிவ் காயை எடுத்துவிட்டு ஆண்டுக்குப் பல்லாயிரம் டொலரை மிச்சப்படுத்தினார் என்பது அத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை. என் மருமகனுக்கு இந்தக் கதை மனப்பாடம். கணக்காளன் அல்லவா.

சிங்கப்பூரை நான் இழுத்துவந்ததற்குக் காரணம் இருக்கிறது. நோயாளியாகிப்போன எயர் சிலோனின் இடத்தில் 1979இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு எயர் லங்காவை உருவாக்கியபோது, கைகொடுத்தது சிங்கப்பூர் எயர்லைன்ஸே. அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 விமானங்களுடன் அந்த ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி சேவை தொடங்கியது. தலைவர் கப்டன் ரக்கித்த விக்கிரமநாயக்க. சுறுசுறுப்பானவர், பெரிய கனவுகள் உள்ளவர். சில ஆண்டுகளில் ட்ரைஸ்டார்களும் 747களும் வந்தன, கடனும் வந்தது, 1980களின் நடுப்பகுதியில் விசாரணை ஆணைக்குழுவும் வந்தது. பெரிய ஜெற் விமானங்களில் தொலைதூர நகரங்களுக்குப் பறப்பதே எயர் லங்காவின் கனவு. பலாலி அந்தக் கனவுக்குள் வரவில்லை.

பலாலியைப் பற்றிய முடிவுகள் அதற்கிடையில் வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போன எயர் சிலோன் அவ்ரோ குண்டுவெடிப்பில் எரிந்தது. பயணிகள் இறங்கியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. நான் பஞ்சைச் சட்டைப்பையில் வைத்தபடி பறந்த விமானமும் அதே இனத்தைச் சேர்ந்தது. அந்த நாளுக்குப் பின் யாழ்ப்பாணத்துப் பயணி எவரையும் அவர் தோற்பையையும் எவரும் பழைய கண்ணால் பார்க்கவில்லை. 1983 வந்தது. பலாலி முழுமையான இராணுவத் தளமாயிற்று. 1990இல் யாழ்தேவியும் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஓடுபாதையைச் சுற்றியிருந்த வீடுகளுக்குள் ஆலமரம் முளைத்தது.

1990களின் பிற்பகுதியில் தனியார் விமானங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பறந்தன. தரைப்பாதை இல்லை. கப்பலுக்குக் காத்திருப்பவர் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காசு உள்ளவரும், காசில்லாமல் வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பியதைக் கொண்டு வந்தவரும் விமானம் ஏறினார்கள். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி, பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் சேவையின் அன்ரனோவ்-24 விமானம் மன்னார்ப் பக்கக் கடலின் மேல் காணாமற்போனது. பெலாரஸ் நாட்டுக் கம்பனியொன்றிடம் வாடகைக்கு எடுக்கப்பட்ட விமானம் அது. பணியாளர்களுடன் 55 பேர். பயணிகள் தமிழர்கள், பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அன்று நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திமேசையில் இருந்தேன். கடலில் விழுந்ததா, கடத்தப்பட்டதா, வேறெங்கேனும் இறங்கியதா என்று எவருக்கும் தெரியாது. தொலைபேசி ஓயவில்லை. பெயர்ப்பட்டியல் கைக்கு வந்தபோது நான் செய்த முதல் வேலை, செய்தியாளன் செய்யும் வேலையன்று. என் ஊர்ப்பெயர்களைத் தேடினேன். அதன் பிறகே எழுதத் தொடங்கினேன். ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதென்றும், விடுதலைப் புலிகளே அதைச் செய்தார்களென்றும் பின்னர் வெளிப்பட்டது. இரணைதீவுக்கு அப்பாலுள்ள கடலடியில் அதன் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டெடுத்தது 2012இல். மறு ஆண்டு ஜனவரியில், கடலிலிருந்து மீட்ட உடுப்புகளை உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் வைத்தார்கள். பதினான்கு ஆண்டு உப்புநீரில் கிடந்த துணியில் தன் மகளின் தையலைத் தேட ஒரு தாய் வரவேண்டியிருந்தது. ஒரு விமானப் பயணத்தின் வரலாற்றில் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்தப் பயணிகள் தெரிவு செய்த பயணம் அதுவன்று. வானில் ஆபத்து உண்டென்று எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் தெரிந்திருந்தது. ஆனால் எவ்வளவு ஆபத்து என்பதை அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு எவருக்கும் இருக்கவில்லை. வேறு வழியும் இருக்கவில்லை.

சேவை நின்றது, 2002 போர்நிறுத்தத்தோடு சிவில் விமானங்கள் மீண்டும் பறந்தன, ஏ-9 பாதையும் திறந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. இனி என் கடனுக்கு வருகிறேன்.

2007 தொடக்கத்தில் என் தாயார் யாழ்ப்பாணத்தில் காலமானார். எப்படியோ அனுமதி பெற்றுக் கொழும்பிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தேன். வந்தது பெரிதல்ல, திரும்புவதே பெரிது. யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும் எவரும் இராணுவத்தின் அனுமதி பெறவேண்டும். 'கிளியரன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் அந்நாளில் படிக்காத கிழவிகளின் வாயிலும் சரளமாக வந்தது. அது கிடைத்தபின் விமானத்தில் இடம். இடம் கிடைத்தபின் யாழ் நகரில் ஒரு முகாமில் ஒன்றுகூடிச் சோதனை, பேருந்து, மீண்டும் சோதனை. பேருந்தின் யன்னல் சீலைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. நான் பிறந்த ஊர் அந்தச் சீலைக்கு மறுபுறத்தில் எங்கோ கடந்துபோனது. பலாலியில் பயணப்பொதியை மாத்திரமன்றி எங்களையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள்.

எனக்குப் பக்கத்து வாங்கில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் இருந்தார். வலக்கண்ணில் வெண்படலம். கொழும்பில் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. ஆறு வாரம் அலைந்து எடுத்த அனுமதியை நான்காக மடித்துச் சேலைத்தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். நாலைந்து நிமிடத்துக்கு ஒருதடவை என்னிடம் கேட்டார்: "தம்பி, என்ரை பேர் கூப்பிட்டவையோ?"

"இன்னும் இல்லையம்மா. கூப்பிடேக்கை நான் சொல்லுறன்."

பெயர்கள் கூப்பிட்டார்கள். என் பெயர் வந்தது. அவருடைய பெயர் வரவில்லை. இன்னொரு இளைஞனின் பெயரும் வரவில்லை. கடைசி நேரத்தில் இருவர் வாகனத்தில் வந்து இறங்கினார்கள். சீருடை இல்லை. ஆனால் எவரும் அவர்களைத் தராசில் ஏற்றவில்லை. விமானக் கம்பனியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் எங்கள் ஊர்ப் பையன்தான்; முப்பது வயதிருக்கும். அந்தக் கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். நான் அவனருகே போய், இந்த அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் இருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பட்டியலையே பார்த்தான்.

"ஐயா, நான் என்ன செய்யிறது? கொழும்பிலையிருந்து கோல் வந்திட்டுது. எங்கடை மனேச்சரும் 'ஓம்' எண்டிட்டார். அவர் இல்லையெண்டு சொன்னால் நாளைக்குப் பிளேன் பறக்காது."

அவன் சொன்னது பொய்யன்று. கம்பனியின் முகாமையாளர் ஒருவர் கொழும்பில் இருந்தார். பயணிக்கு அவரே பொறுப்பு. அவருக்கு மேலே இன்னொரு தொலைபேசி இருந்தது. பறக்கும் அனுமதி, இறங்கும் அனுமதி, எரிபொருள், ஓடுபாதை எல்லாம் அந்தத் தொலைபேசியின் மறுமுனையில். என் அப்பாவின் மாணவருக்கு 1966இல் இருந்த சுதந்திரம் இந்தப் பையனுக்கு இல்லை. அவனுடைய முகாமையாளருக்கும் இல்லை.

அப்போது நான் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருந்தது. என் இருக்கையை அந்தத் தாய்க்குக் கொடுக்கலாம். கேட்டுப் பார்த்திருக்கலாம், அனுமதித்திருக்கவும் கூடும், மறுத்திருக்கவும் கூடும். நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் விடுமுறை முடிந்திருந்தது. என் கிளியரன்ஸ் அன்றோடு காலாவதி. இன்னும் ஒரு மாதம் அங்கே அகப்பட்டுக்கொள்வேன் என்று பயந்தேன். "அடுத்த பிளேனிலை கட்டாயம் ஏத்துவினம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினேன். அவர் சரியென்று தலையாட்டினார். அந்த விமானத்தின் யன்னலோர இருக்கையில் நான் கீழே பார்க்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், யாழ்ப்பாணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு செய்தி வந்தது. எயர் லங்கா 1998இல் எமிரேட்ஸின் கைக்குப் போய் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் ஆகியிருந்தது. முகாமை எமிரேட்ஸிடம், பிரதம நிறைவேற்று அதிகாரி பீற்றர் ஹில் என்ற வெள்ளைக்காரர். 2001 யூலையில் கட்டுநாயக்காவில் நடந்த தாக்குதலில் அதன் விமானங்களில் ஏறத்தாழ அரைவாசி எரிந்தோ சேதமுற்றோ போயின. அதன் பின்னும் கம்பனி எழுந்து நின்றது. ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச தம் பரிவாரத்துடன் இலண்டனில் இருந்தார். திரும்பும் விமானம் நிரம்பியிருந்தது. பரிவாரத்துக்காக ஏறக்குறைய 35 பயணிகளை இறக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. பணம் கொடுத்து இடம் பதிந்தவர்களை இறக்க முடியாது என்று கம்பனி மறுத்தது. சில நாட்களில் ஹில்லின் வேலை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. எமிரேட்ஸின் முகாமை ஒப்பந்தம் 2008 மார்ச்சோடு முடிந்தது. அவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. பின்னர் தலைவர் நாற்காலிக்கு வந்தவர் ஜனாதிபதியின் மைத்துனர். அதற்கடுத்த ஆண்டுகளின் நட்டத்தைப் பற்றி 2015இல் ஒரு விசாரணைக் குழுவின் நீண்ட அறிக்கையே வெளிவந்தது. அதை இங்கே விவரிக்க இடம் போதாது.

அந்தச் செய்தியை நானே பக்கத்தில் அமைத்தேன். தலைப்பும் நானே வைத்தேன். ஹில் வீரர் என்று எழுத எனக்கு மனமில்லை. அவருக்குப் பின்னால் துபாயின் பணமும் ஒப்பந்தமும் இருந்தன. அனுமதி பறிபோனபின் அவர் ஓமான் எயருக்குத் தலைவராகப் போனார், பட்டினி கிடக்கவில்லை. பலாலியில் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அவன் எங்கே போயிருப்பான் என்பதை அந்நாளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்று இரவு பக்கம் அச்சுக்குப் போனபின் நீண்ட நேரம் மேசையிலேயே இருந்தேன். இலண்டனில் இறக்கப்படாத அந்த 35 பேருக்குத் தங்களுக்காக ஒருவர் மறுத்தார் என்பது அப்போது தெரிந்திருக்குமா? தெரியாமல் நித்திரையாகவே ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள்.

போருக்குப் பின் பலாலியின் கதை மெதுவாக மாறியது. இந்திய உதவியுடன் ஓடுபாதையின் ஒரு பகுதி திருத்தப்பட்டு, 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெயரில் இருந்த கம்பீரம் கட்டடத்தில் இருக்கவில்லை. நவம்பரில் அலையன்ஸ் எயர் சென்னையிலிருந்து பறந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. எல்லாம் ஏ.டி.ஆர். 72 ரக விமானங்கள். எழுபது சொச்சம் பேர் கொள்ளும். ஓடுபாதையின் நீளம் இப்போதைக்கு அவ்வளவுதான் அனுமதிக்கிறது. அதை நீட்டுவதென்றால் சுற்றியுள்ள காணிகள் வேண்டும். அந்தக் காணிகளுக்கு உரியவர்கள் 1990 முதல் உறுதிப்பத்திரத்தோடு காத்திருக்கிறார்கள். விமானம் வேண்டும் என்பவரும் காணி வேண்டும் என்பவரும் ஒரே குடும்பத்தில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இந்த ஏ.டி.ஆர். விமானங்களைக் கொண்டுதான் 2003இல் கப்டன் கோபிநாத் எயர் டெக்கனைத் தொடங்கி, உணவும் உபசாரமும் இல்லாமல், ஆட்டோவில் போகிறவனையும் விமானத்தில் ஏற்றுவேன் என்று புறப்பட்டார். அந்தக் கம்பனி நிலைக்கவில்லை. அவர் காட்டிய வழியில் பிறர் வந்தார்கள். இன்று பலாலிக்கு வரும் பயணி குடிக்கும் தேநீருக்குக் காசு கொடுக்கிறான். பொதியின் கூடுதல் கிலோவுக்குக் காசு கொடுக்கிறான். முறைப்பாடு சொல்பவர்கள் சொல்கிறார்கள். நான் சொல்வதில்லை. காசு கொடுத்தவன் எவனாயினும் ஒரே விலை.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து அப்படி ஒரு விமானத்தில் வந்து, பத்து நாள் நின்று திரும்பினேன். புறப்பாட்டு மண்டபத்தில் கணினிக்குப் பின்னால் நின்ற பையன் ஊரெழுவைச் சேர்ந்தவன். பேச்சுக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் ஒரு பெரியவர் வந்து இடம் கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் கேள்வியை விளங்கிக்கொள்ளச் சில விநாடிகள் எடுத்தான். பிறகு சிரித்தான்.

"அப்பிடிச் செய்ய ஏலாது ஐயா. எங்கடை கையிலை ஒண்டுமில்லை. எல்லாம் சிஸ்டத்திலை பூட்டியிருக்கு. மாத்திறதெண்டால் இந்தியாவிலை தலைமையகத்திலை இருந்துதான் மாத்தவேணும்."

"உன்ரை பாட்டிக்கு அவசரமெண்டால்?"

"அவவுக்கும் அதே கதைதான்" என்றான்.

பேருந்தின் யன்னல்களில் சீலை இல்லை. கட்டுவன் பக்கமாக வெங்காயத் தோட்டங்கள் பச்சை பிடித்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். 2007இல் நான் வைத்திருந்த குறிப்புப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தத் தாயின் பெயரை அன்று விமானத்தில் இருந்தபடியே அதில் எழுதினேன். கொழும்புக்குப் போனதும் இதைப் பற்றிப் பத்தி எழுதவேண்டும் என்று அதற்குக் கீழே கோடிட்டிருக்கிறேன். எழுதவில்லை. கண் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தாரா என்றும் விசாரிக்கவில்லை. முகவரி அந்தப் பக்கத்திலேயே இருந்தது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒழுங்கை. இம்முறை போனபோது அங்கே சென்றேன். வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. பழைய ஆட்கள் கனடாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த அம்மாவும் போனாவோ என்று கேட்டேன். அது தெரியாது என்றார்கள்.